மூணாவது கியர்

ஸ்கார்பி டவுன் மைதானம் கடலைப் பார்த்துச் சரிந்திருக்கும். ஆட்டம் தொடங்க நடுவில் பந்தை வைத்தால், நடுவர் விசிலை வாயில் வைப்பதற்குள் அது கீழ்க்கோலுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். அதனால் ஒருவர் அதை மிதித்துக்கொண்டே நிற்க வேண்டும். காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒருமுறை எதிரணிக் கோல்கீப்பர் ஓங்கி உதைத்த பந்து பாதி வழியில் மனம் மாறித் திரும்பி, அவன் தலைக்கு மேலேயே போய் எங்களுக்குக் கார்னர் வாங்கித் தந்தது. அந்தக் கார்னரில் கோல் போட்டது ஒரு கடற்காகம். நடுவர் சரியென்று விட்டுவிட்டார். அவருக்கும் குளிர்.

இதையெல்லாம் நான் வெகுகாலமாகச் சொல்லிவருகிறேன். அதனால் எனக்கு ஒரு பெயர் உண்டு. வில்ஃப் ஆக்டன் மழை பெய்கிறது என்று சொன்னால், கையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடை எடுப்பார்கள். அந்தப் பெயர் எனக்கு என்ன உபகாரம் செய்தது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

நாலாம் டிவிஷனில் இருந்த அந்த கிளப்பில் எனக்குச் சட்டை துவைக்கிற வேலை. பூட்ஸில் மண் சுரண்டுவது, கொழுப்பு தடவுவது, கொதிகலன் அறையில் காலுறை காயப்போடுவது எல்லாம் அதில் அடக்கம். குடியிருந்தது மலைமேட்டுக்கு இந்தப் பக்கம், ஓட்டன்ஷாவில். எங்கள் ஊர் கிளப் இழுத்து மூடப்பட்டபோது, பக்கத்து வீட்டு லெஸ் டாட்டர்சால்தான் ஸ்கார்பி மேஸ்திரியிடம் சொல்லி என்னையும் அங்கே சேர்த்துவிட்டான். அணியின் மேலாளரை எங்கள் பக்கத்தில் மேஸ்திரி என்றுதான் சொல்வோம். ஆட்டமும் செங்கல் சுமக்கிற மாதிரி ஒரு வேலைதானே.

லெஸ் தடுப்பாட்டக்காரன். முப்பத்துநாலு வயது. மூக்கு மூன்று ஊர்களில் உடைந்து, மூன்று ஊர் வைத்தியர்கள் ஆளுக்கொரு திசையில் நிமிர்த்தியது. பத்திரிகையில் படம் வந்ததில்லை. வந்தாலும் அவன் தலை பக்கத்தில் இருப்பவனின் தோளுக்குப் பின்னால் இருக்கும். ஒரு வருஷம் இங்கே, ரெண்டு வருஷம் அங்கே என்று எட்டு கிளப், எட்டு வீடு. அவன் மகள் ஜனீன் எந்த ஊர் உச்சரிப்பில் பேசுவது என்று தெரியாமல் கொஞ்சகாலம் பேசாமலே இருந்தாள்.

அவன் மனைவி பிரெண்டா எந்த வீட்டிலும் ஜன்னலுக்குத் திரை தைத்ததில்லை. படுக்கை விரிப்பை ஆணியில் மாட்டிவிடுவாள். கல்யாணத்துக்கு அவள் அம்மா கொடுத்த திரைத்துணி ஒரு சுருள் இருந்தது. மஞ்சளில் பழுப்புப் பூ. எட்டு வீடும் அதைச் சுமந்தாள், கத்தரிக்கோல் படவிடவில்லை. "வெட்டுனா அந்த ஜன்னலுக்குத்தானே ஆவும்? அடுத்த வீட்டு ஜன்னல் எந்த அளவுல இருக்குமோ, யாரு கண்டா?" என்பாள்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி கோர்டன் ப்ளெங்கின் ஓட்டன்ஷாவுக்கே வந்து, லெஸ் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து ஹாட்பாட் என்கிற கறிப் பண்டம் சாப்பிட்டார். நானும் இருந்தேன். பிரெண்டா ஹாட்பாட் செய்யும் நாளில் நான் எப்படியும் அங்கே இருப்பேன். அடியில் ஆட்டுக்கறி, மேலே ஓடு வேய்ந்த மாதிரி உருளைக்கிழங்கு, ஓரத்தில் கருகிய பொருக்கு. மேஸ்திரி அந்தப் பொருக்கையெல்லாம் தன் தட்டுக்கே இழுத்துக்கொண்டார். அப்போதே எனக்கு அவர்மேல் ஒரு சந்தேகம் விழுந்தது.

"லெஸ், இந்த வருஷம் தடுப்பக் கட்டிக் காப்பாத்து. பட்டியல்ல கீழ விழாம கரை சேத்துடு," என்றார் மேஸ்திரி. "அடுத்த வருஷம் ரிசர்வ் பசங்களுக்குப் பயிற்சி குடுக்குறது நீதான். ஆட வேணாம், ஓட வேணாம். விசில் ஊது, திட்டு, சம்பளம் வாங்கு."

"இந்த ஊர விட்டுப் போக வேண்டியதில்லையா?" என்றாள் பிரெண்டா.

"எதுக்கும்மா போவணும்? வயசாகி ஓய்வு வாங்குற வரைக்கும் இங்கயே இருங்க."

"நிச்சயமாத்தானே சொல்றீங்க?"

மேஸ்திரி முள்கரண்டியைத் தூக்கிப் பிடித்தார். "இந்த ஹாட்பாட் மேல ஆணை."

அவர் கார் தெருமுனை திரும்புவதற்குள் பிரெண்டா மேசையைத் துடைத்து, துணிச் சுருளை விரித்து, கத்தரிக்கோலை எடுத்துவிட்டாள். லெஸ் ஜன்னலை அளந்து சொன்னான். அவள் மறுபடி அளந்தாள். வெட்டும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். இது பொய்யில்லை.

மலைமேட்டைத் தாண்டி ஸ்கார்பி போக ஏறக்குறைய ரெண்டு மணி நேரம். லெஸ், நான், கோல்கீப்பர் நெவில் கிராப்ட்ரீ மூவரும் ஒரே காரில் போவோம். ஒரு வாரம் லெஸ் கார், ஒரு வாரம் நெவில் கார். எந்த கிளப்பிலும் தூரத்து ஆட்டக்காரர்கள் இப்படித்தான் கூட்டுச் சேர்ந்து போவார்கள். அதற்கென்று சில சட்டங்கள் உண்டு. யார் முறையோ அவன்தான் ஓட்ட வேண்டும், சாகக் கிடந்தாலும். பின்சீட்டுக்காரனுக்கு ரேடியோவில் வாக்கு கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலே, காரில் பேசியது காரோடு. பெண்டாட்டிக்கும் போகாது, மேஸ்திரிக்கும் போகாது.

நெவில் நல்ல உயரம், நல்ல சிரிப்பு. ஜனீனுக்கு ஞானத்தகப்பன். லெஸ்ஸும் அவனும் கிளப் மாறினாலும் ஒரே அணியில் ஏழெட்டு வருஷம் முன்னும் பின்னுமாக நின்று ஆடியவர்கள். கோல்கீப்பர் "கீப்பர்!" என்று கத்தினால் முன்னால் நிற்பவன் திரும்பியே பார்க்கக் கூடாது, பந்தை அப்படியே விட்டுவிட வேண்டும். நெவில் கத்தினால் லெஸ் கண்ணை மூடிக்கொண்டு விடுவான். ஒரு கோல்கூட அதனால் போனதில்லை.

மார்ச் மாதம், மேட்டின் உச்சியில் பனிமூட்டம். வழக்கம்போல ஓரமாக நிறுத்திப் பிளாஸ்க் டீயைக் குடித்துக்கொண்டிருந்தோம்.

"மாப்ள, கிளச்சு மிதிக்கையில உன் மூஞ்சி ஏன் அப்படிப் போவுது?" என்றான் நெவில்.

"எப்படிப் போவுது?"

"என் மாமியாரு சிரிக்கிற மாதிரி."

லெஸ் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னான். "இடது முட்டி போச்சுடா. படி ஏற முடியுது, எறங்க முடியல. காலையில பின்பக்கமாத்தான் எறங்குறேன், ஏணியில எறங்குற மாதிரி. பிரெண்டாவுக்குத் தெரியாது. அவ எந்திரிக்கிறதுக்குள்ள கீழ வந்துருவேன்."

"டாக்டரப் பாத்தியா?"

"டாக்டர் பாத்தா மேஸ்திரிக்குப் போவும். மே மாசம் வரைக்கும் ஓட்டிட்டாப் போதும். அப்புறம் விசிலும் கையுமா நிக்கிறதுக்கு முட்டி எதுக்கு?"

நெவில் தன் பங்கு டீயில் பாதியை லெஸ் கோப்பையில் ஊற்றினான். "என்கிட்ட சொல்லிட்டேல்ல, வுடு. ஆட்டத்துல முட்டி புடிச்சிக்கிச்சுன்னா பந்த எனக்குத் தட்டி வுட்டுடு. பின்னாடி நான் இருக்கேன்ல?" அப்போதெல்லாம் சொந்த ஆள் தட்டிய பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கலாம்; சட்டம் அனுமதித்தது. நெவில் என் பக்கம் திரும்பினான். "பெருசு, காதுல ஏதாச்சும் விழுந்துச்சா?"

"எது?" என்றேன்.

"அதான்."

ஏப்ரல் முடியும்போது நாங்கள் கரை சேர்ந்துவிட்டோம். கடைசி ஆட்டத்துக்கு முந்தின புதன்கிழமை. நான் பூட்ஸ் அறையில் மண் சுரண்டிக்கொண்டிருந்தேன். லெஸ் வந்து பூட்ஸைக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது மேஸ்திரியும் உள்ளே வந்தார். வெளியே குளியல் தொட்டியில் நெவில் பாடிக்கொண்டிருந்தான்.

"லெஸ், அந்த ரிசர்வ் விஷயம்," என்று மேஸ்திரி கொக்கியில் தொங்கிய லேஸ்களைப் பார்த்துப் பேசினார். "ஓடியாடிக் காட்டுற ஆளா இருந்தா நல்லதுன்னு பாக்குறேன்."

"நான் ஆடிக்கிட்டுத்தானே இருக்கேன், மேஸ்திரி? ஒரு ஆட்டம் விட்டேனா?"

"ஆடுற, இல்லேங்கல. ஆனா வீட்டுப் படியில பின்பக்கமா எறங்குறியாமே."

பாதி நீட்டியிருந்த பூட்ஸை லெஸ் என் கையில் விட்டான்.

"அடுத்த வருஷத்துக்கு ஒப்பந்தமும் இல்ல. சனிக்கிழமை ஆடு. கைத்தட்டு வாங்கிக்க. மரியாதையாப் போ," என்று மேஸ்திரி அவன் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

லெஸ் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தான். என் கையில் அவனுடைய பூட்ஸ். நான் அப்போது வாயைத் திறந்து "நான் இல்லை" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நான்தான் என்று உறுதியாகிவிடும் போலிருந்தது.

அன்று மாலை என் கதவு இடிபட்டது.

"வில்ஃப்! தொறய்யா! உள்ளதான் இருக்க, கறி வேகுற வாசம் வருது!"

திறந்தேன். பிரெண்டா மாவுக் கையோடு நின்றாள்.

"உன் வாயில எதுதான்யா தங்கும்? கடற்காகம் கோல் போட்டுச்சுன்னு ஊரெல்லாம் சொல்லித் திரியுற வாயி! உனக்கு வேலை வாங்கிக் குடுத்தவன்யா அவன்!"

"நான் சொல்லலம்மா."

"நீ இல்லேன்னா யாரு? நெவிலா? எம்பொண்ண ஞானஸ்நானத்துல கையில ஏந்துனவன் அவன்!"

"பிரெண்டா, சத்தியமா நான் சொல்லல."

"நீ என்னிக்கு உண்மை பேசியிருக்க, இன்னிக்கு நான் நம்புறதுக்கு?"

 அதற்குப் பொய்யாக ரெண்டு மூன்று பதில் இருந்தன, எடுக்கவில்லை.

அவள் குரல் இறங்கியது. "எனக்கே சொல்லலையே அந்த மனுசன். தினமும் என் பக்கத்துலேருந்து எந்திரிச்சுப் போயி பின்பக்கமா எறங்கியிருக்கான். எனக்குத் தெரியல. பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தெரிஞ்சிருக்கு." திரும்பிப் போகும்போது படியில் நின்றாள். "வெட்டிட்டேன்யா, வில்ஃப். அந்தத் துணிய வெட்டிட்டேன்."

வெள்ளிக்கிழமை பயிற்சிக்குப் போகும்போது மேட்டில் தூறல். அந்த வாரம் லெஸ் முறை. சாலை நடுவில் ஒரு ஆடு நின்றுகொண்டு எங்களைப் பார்த்தது. லெஸ் வண்டியை நிறுத்தினான். இஞ்சின் மட்டும் ஓடியது.

"மாப்ள," என்றான் நெவில்.

"ம்."

"மேஸ்திரி மூஞ்சிக்கு நேரா கேட்டாரு. லெஸ்ஸுக்கு முட்டி எப்படின்னு. பொய்யா சொல்லச் சொல்ற?"

லெஸ் ஹாரன் அடித்தான். ஆடு அசையவில்லை.

"எனக்கும் முப்பத்தஞ்சு ஆவுது. நமக்குன்னு இருக்கிறது ஒரு நாற்காலி. நான் வேணாம்னா எவனோ வெளியாளு வந்து ஒக்காருவான். அதுக்கு நான் ஒக்காந்தா உனக்கும் நல்லதுதானே? நாளைக்கு உனக்கு ஏதாவது பாத்து செய்யலாம்ல?"

லெஸ் மறுபடி ஹாரன் அடித்தான். ரொம்ப நேரம் அடித்தான். ஆடு ஒரு கட்டத்தில் மரியாதைக்காக மெல்வதை நிறுத்தியது.

"மாப்ள, ஏதாச்சும் பேசேன்டா. திட்டவாவது செய்யி."

"பெருசு," என்றான் லெஸ் என்னிடம். "எறங்கி அந்த ஆட்டத் தள்ளு."

தள்ளினேன். ஈரக் கம்பளி நாற்றத்தோடு திரும்பி வந்து ஏறினேன். கண்ணாடி வழியாக லெஸ் என்னைப் பார்த்தான். புதன்கிழமை பார்த்த பார்வை இல்லை.

"பெருசு, பிளாஸ்க்குல டீ இருக்கு. நீ குடி. முழுசும் நீயே குடி."

சனிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. கீழ்க்கோல் பக்கம் கணுக்கால் அளவு சேறு. ஆட்டத்தில் ஜெயித்தாலும் தோற்றாலும் எங்கள் இடம் மாறப்போவதில்லை. ஆனால் கடைசி ஆட்டம் என்பதால் கூட்டம் வந்திருந்தது.

முதல் பத்து நிமிடத்தில் உயரமாக ஒரு பந்து வந்தது. நெவில் முன்னால் ஓடிவந்து "கீப்பர்!" என்று கத்தினான். லெஸ் விடவில்லை. எகிறி நெற்றியால் முட்டி, பந்தைப் பாதி மைதானத்துக்கு அனுப்பினான். கூட்டம் கைதட்டியது. நெவில் நீட்டிய கையை மெல்ல இறக்கிக்கொண்டான்.

அடுத்த பந்துக்கும் "கீப்பர்!" அதையும் விடவில்லை. அதற்கடுத்ததையும் விடவில்லை. கீப்பர் உதைக்க வேண்டிய கோல்கிக்கைக்கூட லெஸ்ஸே எடுத்தான். பந்துப் பையன் நெவிலுக்கு எறிந்த பந்தையும் குறுக்கே போய் மார்பில் வாங்கிக்கொண்டான். பின்னால் தட்டிவிட்டால் போதும் என்கிற இடத்திலெல்லாம் தானே திரும்பி, ரெண்டு ஆளைத் தாண்டி, முன்னால் கொண்டுபோனான். அவன் அப்படி ஓடி எட்டு கிளப்பிலும் ஒருவரும் பார்த்ததில்லை. முப்பத்துநாலு வயதில் ஆளுக்கு என்ன வந்தது என்று கொட்டகையில் உட்கார்ந்திருந்த ரசிகர்கள் எழுந்து நின்று பாட ஆரம்பித்தார்கள். அவன் ஆட்டத்தின் உச்சத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டார்கள்.

இரண்டாம் பாதியில் ஒருமுறை முட்டி பிடித்துக்கொண்டது. எதிரணி ஆள் பாய்ந்து வருகிறான். பந்து லெஸ் காலடியில். நெவில் பத்தடி பின்னால். "தட்டு மாப்ள! என்கிட்ட தட்டு!" என்று அவன் கெஞ்சினான். கெஞ்சினான் என்பதுதான் சரியான சொல். நான் கோட்டோரம் வாளியோடு நின்றிருந்தேன், கேட்டேன். லெஸ் சேற்றில் விழுந்து, மூக்காலேயே பந்தை வெளியே தள்ளினான். மூக்கு நாலாவது திசைக்குத் திரும்பியது. நான் பஞ்சோடு ஓடினேன்.

"அவன்கிட்ட தட்டக் கூடாதாப்பா?" என்றேன் மெதுவாக.

"யாருகிட்ட?" என்றான்.

கோல் எதுவும் விழாமல் ஆட்டம் முடிந்தது. ஒலிபெருக்கி கரகரத்தது. "இன்று ஒரு கோல்கூட விடாத நம் கோல்கீப்பர் நெவில் கிராப்ட்ரீ! அடுத்த ஆண்டு நம் ரிசர்வ் அணியின் பயிற்சியாளர்!" கூட்டம் இன்னொருமுறை கைதட்டியது. நெவில் கையைத் தூக்கினான். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கடலைப் பார்த்தான். லெஸ் கோல்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அன்று மற்ற பத்துச் சட்டைகளையும் ரெண்டு தண்ணீரில் அலசினேன். நெவில் சட்டையை விரித்துப் பார்த்தேன். மழையில் நனைந்திருந்தது, ஒரு பொட்டு மண் இல்லை. காயவைத்து அப்படியே மடித்து வைத்தேன்.

நாங்கள் காருக்கு வரும்போது லெஸ்ஸின் முட்டி பெரிய ரொட்டி அளவுக்கு வீங்கியிருந்தது. இடது காலைக் கையால் தூக்கித்தான் உள்ளே வைத்தான்.

"கிளச்சு எப்படிடா மிதிப்ப? சாவியக் குடு, நான் ஓட்டுறேன்," என்றான் நெவில்.

"இந்த வாரம் என் முறை."

"மாப்ள, பைத்தியமா உனக்கு?"

"தள்ளுங்க."

மைதானம் சரிவு என்றால் அதன் கார் நிறுத்தமும் சரிவுதானே. நானும் நெவிலும் தள்ளினோம். வண்டி உருண்டு வேகம் பிடித்ததும், லெஸ் கிளச்சைத் தொடாமல் மூணாவது கியரை ஒரே குத்தாகக் குத்தினான். கியர்ப்பெட்டி பிரசவ வலி வந்ததுபோல் அலறியது. இஞ்சின் பிடித்துக்கொண்டது. நாங்கள் ஓடி ஓடித் தொற்றிக்கொண்டோம்.

அங்கிருந்து ஓட்டன்ஷா வரை மூணாவது கியர். மேட்டில் ஏறும்போது ஒரு பால் வண்டி எங்களை முந்திப் போனது. இறக்கத்தில் வண்டி பறந்தது. உச்சியில் டீக்கு நிறுத்தவில்லை. வெள்ளிக்கிழமை பார்த்த அதே ஆடு சாலை நடுவில் நின்றது. எங்கள் இஞ்சின் சத்தத்தைக் கேட்டுத் தானே ஒதுங்கியது. ஓட்டன்ஷாவுக்குள் மூன்று சிக்னல். மூன்றும் பச்சை. இதைத்தான் ஒருவரும் நம்புவதில்லை.

வழியெல்லாம் லெஸ் சாலையைப் பார்த்தே ஓட்டினான். உடைந்த மூக்கிலிருந்து ஒழுகியதைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான். நெவில் பையை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். ஆட்டத்தில் பிடிக்கக் கிடைக்காத பந்தெல்லாம் அதற்குள் இருப்பது போல.

அவன் தெரு வந்தது.

"வீடு வந்துருச்சு, மாப்ள."

"நிறுத்துனா மறுபடி கெளம்பாது," என்றான் லெஸ்.

"அப்ப நான்?"

"குதி."

நெவில் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் ரேடியோவைப் பார்த்தேன். அவன் கதவைத் திறந்து, பையை வீசிவிட்டுக் குதித்தான். கோல்கீப்பர் அல்லவா, விழத் தெரியும். பக்கத்து வீட்டுப் பூச்செடிகள் மேல் ரெண்டு உருளல் உருண்டு எழுந்தான். அன்றைக்கு அவன்மேல் பட்ட முதல் மண் அதுதான்.

எங்கள் தெருவில் லெஸ் வண்டியை நடைபாதைக் கல்லில் முட்டி நிறுத்தினான். வண்டி ஒரு குலுங்கு குலுங்கிச் செத்தது. பிரெண்டா திரையை விலக்கிப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். அவன் மூக்கைப் பார்த்தாள், முட்டியைப் பார்த்தாள், திறந்தபடி தொங்கிக்கொண்டிருந்த காரின் முன்கதவைப் பார்த்தாள்.

"நெவில் எங்க?"

"எறங்கிட்டான்."

"வண்டி நின்னுச்சா?"

"இல்ல," என்றான் லெஸ்.

 அவள் குனிந்து பின்சீட்டில் இருந்த என்னைப் பார்த்தாள். பிறகு அவன் கக்கத்தில் தோளைக் கொடுத்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

எங்கள் வரிசை வீடுகளுக்கு நடுச்சுவர் அரைச் செங்கல்தான். மறுநாள் காலை படுக்கையிலிருந்தே கேட்டேன். படியில் ரெண்டு பேர் காலடி. ஒன்று பின்பக்கமாக இறங்குகிறது. இன்னொன்று அதற்குக் கீழே முட்டுக்கொடுத்து நிற்கிறது. "இன்னும் ரெண்டு இருக்கு," என்றது பிரெண்டாவின் குரல். "அவசரப்படாத. இப்ப ஒண்ணு."

ஜூனில் மேஸ்திரி ப்ளெங்கின் பெரிய கிளப் ஒன்றுக்குப் போய்விட்டார். போகும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. புதிதாக வந்தவர் தன் மச்சானை ரிசர்வ் அணிக்குக் கூட்டிவந்தார். நெவிலுக்கு ஒரு போன் வந்ததோடு சரி. இப்போது அவன் கம்பளம் விற்கிறான் என்று கேள்வி. நல்ல சிரிப்பு இருப்பதால் வியாபாரம் நடக்கும்.

லெஸ்ஸுக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில் இடம் கிடைத்தது. புல் வெட்டுவான், வலை கட்டுவான், ஆள் குறைந்தால் நொண்டிக்கொண்டே ஆடவும் செய்வான். ஜூலையில் வேன் வந்தது. ஜனீன் தன் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டு, அந்த ஊரில் எப்படிப் பேசுவார்கள் என்று என்னிடம் கேட்டாள். விசில் அடித்தே பேசிக்கொள்வார்கள் என்றேன். நம்பவில்லை; ஆனாலும் ஒருமுறை விசில் அடித்துப் பார்த்துக்கொண்டாள்.

கடைசியாக பிரெண்டா என் கதவைத் தட்டினாள். இந்த முறை மெதுவாக. கையில் அந்த மஞ்சள் திரைகள், மடித்து, தேய்த்து.

"உன் ஜன்னலும் அதே அளவுதானே?"

"ஏம்மா, அங்க மாட்டிக்கலாமே?"

"வெட்டிட்டேன்ல," என்றாள்.

என் கையில் வைத்துவிட்டுக் கொஞ்சம் நின்றாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். "அந்தக் கடற்காகம்," என்றாள். "நெசமாவே போட்டுச்சா?"

"தலையாலதாம்மா போட்டுச்சு."

தலையை ஆட்டிவிட்டுப் போய் வேனில் ஏறினாள். லெஸ் முன்சீட்டில் இடது காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். வேன் தெருமுனை திரும்பும்வரை நின்றுவிட்டு உள்ளே வந்து, நாற்காலி போட்டு ஏறித் திரைகளை மாட்டினேன். ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.